நீதியாசனமும் சிறைக்கூடமும்: வில்லியம் ஹேஸ்டியின் நியமனம் பற்றிய ஒரு நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றில் நீதிபதியாக நியமனம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் வில்லியம் ஹென்றி ஹேஸ்டி (1904–1976) ஆவார். அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ‘முதலாவது’ என்னும் சொல்லைத் தொடுத்துச் செல்வனவாகவே உள்ளன: முதலாவது கறுப்பினச் சமஷ்டி நீதிபதி, வேர்ஜின் தீவுகளின் முதலாவது கறுப்பின ஆளுநர், முதலாவது கறுப்பின மேன்முறையீட்டு நீதிபதி. இவை யாவும் உண்மையே. ஆயின், ‘முதலாவது’ என்னும் சொல் ஒரு நிகழ்ச்சியை அறிவிக்கின்றதேயன்றி அதனை விளக்குவதில்லை. திறமை மிக்க ஒருவர் தம் முயற்சியாற் படிப்படியாக உயர்ந்தார் என்ற கதை வடிவமே ஈற்றில் எஞ்சுகின்றது. அப்படிகளை அமைத்த சமூக விசைகள் யாவை, அவை குறித்த ஒரு காலத்தில் அமைக்கப்பட்டமைக்குக் காரணம் யாது, அப்படிகளில் ஏறவிடாது தடுக்கப்பட்டோர் யாவர் என்னும் வினாக்கள் அக்கதை வடிவத்துள் எழுவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை ஒரு நாளின் நிகழ்ச்சிகளை மையமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது. 1949ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சனாதிபதி ஹரி ட்ரூமன் ஹேஸ்டியை மூன்றாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். அதே நாளில் நியூயோர்க் நகரின் சமஷ்டி நீதிமன்றமொன்றில் பெஞ்சமின் டேவிஸ் என்பார்க்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டேவிஸும் கறுப்பினத்தவர், சட்டத்தரணி, அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் 1925ஆம் ஆண்டு ஹேஸ்டியுடன் ஒருங்கே பட்டம் பெற்றவர், அவரைப் போன்றே ஹார்வர்ட் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே ஆண்டிற் புறப்பட்ட இருவர், ஒரே அரசிடமிருந்து, ஒரே நாளில் இவ்விரு வேறு முடிவுகளைப் பெற்றனர். நாள்கள் பொருந்தியமை தற்செயலாகலாம். ஆனால் முடிவுகள் வேறுபட்டமை தற்செயலன்று. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாது ஹேஸ்டியின் நியமனத்தை மதிப்பிடுதல் இயலாது.

2

முதலில் இந்நீதிமன்றங்களின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். அமெரிக்கச் சமஷ்டி நீதித்துறை மூன்று படிநிலைகளைக் கொண்டது. கீழே மாவட்ட நீதிமன்றங்கள் வழக்கை விசாரிக்கின்றன. மேலே ஒன்பது நீதியரசரைக் கொண்ட உயர் நீதிமன்றம் உள்ளது. இடையில் அமைந்தவையே மேன்முறையீட்டு நீதிமன்றங்கள். 1891ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உருவாக்கப்பட்ட இவை, 1948 முதல் இன்றைய பெயரால் வழங்குகின்றன. பல மாநிலங்கள் சேர்ந்து ஒரு வட்டாரமாகும். ஹேஸ்டி அமர்ந்த மூன்றாம் வட்டாரம் பென்சில்வேனியா, நியூஜேர்சி, டெலவெயர் ஆகிய மாநிலங்களையும் கரிபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளையும் உள்ளடக்கியது. அதன் தலைமையிடம் பிலடெல்பியா. இங்குச் சாட்சிகள் விசாரிக்கப்படுவதில்லை, யூரிமாரும் இல்லை. பொதுவாக மூன்று நீதிபதிகள் ஒருங்கிருந்து, கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரிவரப் பிரயோகித்ததா என்பதை மாத்திரம் ஆராய்வர். உயர் நீதிமன்றம் தன்முன் வரும் விண்ணப்பங்களுள் மிகச் சிலவற்றையே ஏற்பதனால், பெரும்பாலான வழக்குகளுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பே முடிந்த முடிபாகின்றது. பத்திரிகைகளின் கவனத்தை அதிகம் ஈர்க்காத இவ்விடைப்படியிலேயே சட்டத்தின் அன்றாட உருவம் தீர்மானிக்கப்படுகின்றது எனலாம்.

இந்நீதிபதிகளைச் சனாதிபதி பெயர் குறித்து முன்மொழிய, செனற் சபை அங்கீகரித்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்றவர் நன்னடத்தையுடன் இருக்குங்காறும் பதவி வகிப்பார். அவர் சம்பளத்தைக் குறைத்தலும் இயலாது. ஆகவே நியமனம் என்னும் வாயிலைக் கடந்தபின் அரசியல் அவரை எளிதில் தொடமுடியாது. இதன் மறுதலையும் உண்மையாகும்: பின்னர் தொடமுடியாதாகையால் அரசியல் தன் முழு வலிமையையும் அவ்வாயிலிலேயே செலுத்துகின்றது. வாயிலில் நிகழும் போராட்டத்தை நோக்கின், ஒரு சமூகத்தின் விசைகள் அக்காலத்தில் எவ்வாறு அணிவகுத்து நின்றன என்பது புலனாகும்.

இதற்கு ஹேஸ்டிக்கு முந்திய எடுத்துக்காட்டொன்றுண்டு. 1930இல் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிபதியான ஜோன் பார்க்கரை உயர் நீதிமன்றத்துக்கு உயர்த்தச் சனாதிபதி ஹூவர் முன்மொழிந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு எதிராகப் பார்க்கர் வழங்கிய தீர்ப்பொன்றைச் சுட்டித் தொழிற்சங்கச் சம்மேளனம் அவரை எதிர்த்தது. கறுப்பின மக்கள் அரசியலிற் பங்குகொள்வது பற்றி 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கூறியவற்றைச் சுட்டி, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் எதிர்த்தது. 41க்கு 39 என்ற வாக்குக் கணக்கில் செனற் சபை அவரை நிராகரித்தது. தொழிலாளரும் ஒடுக்கப்பட்ட இனத்தவரும் ஒரு நீதிபதியின் நியமனத்தைத் தடுத்து நிறுத்த வல்லவர் என்பது அன்று வெளிப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் இதே பார்க்கரின் முன் ஹேஸ்டி வழக்காடவிருந்தார்.

3

ஹேஸ்டி 1904 நவம்பர் 17ஆம் திகதி ரெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரிற் பிறந்தார். தந்தை சமஷ்டி அரசின் ஓய்வூதியக் காரியாலயத்தில் எழுதுவினைஞர். 1916இல் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. இனவொதுக்கல் நிலவிய அந்நகரில் கறுப்பின மாணவருக்கெனவே இயங்கிய டன்பார் உயர்தரப் பாடசாலை, தலைசிறந்த ஆசிரியரைக் கொண்டிருந்தது. வேறிடங்களில் வேலை மறுக்கப்பட்ட கற்றோர் ஆசிரியத் தொழிலுக்கு வந்தமையே அதற்குக் காரணம். ஒடுக்குமுறை தன்னை அறியாமலே தனக்கெதிரான அறிவுப்படையைத் திரட்டிக்கொடுத்த விந்தையை இங்குக் காண்கிறோம். ஹேஸ்டி அங்கு முதன்மையாகத் தேறி, அம்ஹேர்ஸ்டில் கணிதம் பயின்று, அங்கும் வகுப்பின் முதல்வராகப் பட்டம் பெற்றார். 1930இல் ஹார்வர்டில் சட்டப் பட்டமும் 1933இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

டேவிஸின் பின்னணி இதனினும் வசதியானது. அவர் தந்தை அற்லான்டாவிற் பத்திரிகை நடத்தியவர். குடியரசுக் கட்சிப் பிரமுகர். ஆகவே வறியவன் புரட்சியாளனானான், வசதியுள்ளவன் சீர்திருத்தவாதியானான் என்ற எளிய சமன்பாடு இவ்விருவருக்கும் பொருந்தாது. வர்க்கப் பின்னணி ஒருவரின் பாதையை இயந்திர கதியில் தீர்மானிப்பதன்று. குறித்த போராட்டங்களுடன் அவர் கொள்ளும் தொடர்பினூடாகவே அது செயற்படுகின்றது. டேவிஸுக்கு அத்தகைய போராட்டமாக அமைந்தது ஏஞ்சலோ ஹேர்ன்டன் வழக்கு. அற்லான்டாவில் வேலையற்றோரை அணிதிரட்டிய அக்கறுப்பின இளைஞர்மீது, கிளர்ச்சி தூண்டினார் என்ற குற்றம் சாட்டப்பட்டது. 1933இல் அவருக்காக வாதாடிய டேவிஸ், அவ்வழக்கு நடைபெற்ற காலத்திலேயே கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். பின்னர் நியூயோர்க்கிற் குடியேறி, ஹார்லம் மக்களின் ஆதரவுடன் 1943இல் மாநகர சபைக்குத் தெரிவானார்; 1945இல் மீண்டும் தெரிவானார்.

ஹேஸ்டியின் பாதை ஹவார்ட் பல்கலைக்கழகத்தினூடாகச் சென்றது. அவர் உறவினரான சார்ள்ஸ் ஹியூஸ்டன் அங்குச் சட்டப் பீடத்தை இனவொதுக்கலுக்கு எதிரான போர்ப் பாசறையாக மாற்றியமைத்துக்கொண்டிருந்தார். ஹேஸ்டியும் அங்குக் கற்பித்தார். அவர்களிடம் பயின்றவருள் ஒருவரே பிற்காலத்தில் உயர் நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரான தேர்கூட் மார்ஷல்.

1933இல் ஹேஸ்டி உள்நாட்டலுவல்கள் திணைக்களத்தில் உதவிச் சட்டவதிகாரியானார். திணைக்களத்தின் தலைவர் ஹரோல்ட் இக்கிஸ், முன்பு தேசிய சங்கத்தின் சிக்காக்கோக் கிளைக்குத் தலைமை தாங்கியவர். வேர்ஜின் தீவுகள் அத்திணைக்களத்தின் நிர்வாகத்துக்குட்பட்டிருந்தன. 1917இல் டென்மார்க்கிடமிருந்து 25 மில்லியன் டொலருக்கு விலைக்கு வாங்கப்பட்ட அத்தீவுகளின் மக்களுட் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 1937இல் ரூஸ்வெல்ட் ஹேஸ்டியை அத்தீவுகளின் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். ஒரு நுணுக்கம் இங்குக் கவனிக்கத்தக்கது. இப்பதவி அன்று நான்காண்டுத் தவணையுடையதாயிருந்தது. ஆயுட்காலப் பாதுகாப்பு அதற்கு இல்லை. அதாவது, கறுப்பினத்தவர் ஒருவர் சமஷ்டி நீதிபதியாகலாம் என்ற பரிசோதனையை அமெரிக்க அரசு தன் பெருநிலப்பரப்பில் நடத்தவில்லை. குடியேற்றத் தீவொன்றில், தவணைப் பதவியொன்றில் நடத்திப் பார்த்தது. 1939இல் ஹேஸ்டி அப்பதவியைத் துறந்து ஹவார்ட் சட்டப் பீடாதிபதியாகத் திரும்பினார்.

4

அடுத்துவந்த ஆண்டுகளே அவருடைய வாழ்வின் போர்க்குணமிக்க காலமாகும். வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்பொக் நகரில் ஒரே தகுதியுடைய கறுப்பின ஆசிரியருக்கு வெள்ளை ஆசிரியரினும் குறைந்த சம்பளம் வழங்கப்பட்டது. இதனை எதிர்த்து மார்ஷல் முதலியோருடன் ஹேஸ்டி நான்காம் வட்டார நீதிமன்றத்தில் வாதாடினார். 1940இல் அவர்களுக்குச் சார்பான தீர்ப்பை எழுதியவர் பார்க்கர். அவர் மனம் மாறியதா, 1930இன் தோல்வி அவருக்குப் பாடம் கற்பித்ததா என்பதைக் காட்டிலும் முக்கியமானது பிறிதொன்று: நீதிபதிகள் காலத்துக்கு வெளியே நிற்பவரல்லர், சமூக விசைகளின் சமநிலை மாறும்போது, அதே சட்ட ஏடு வேறு விதமாக வாசிக்கப்படுகின்றது.

1944இல் ரெக்சாஸ் மாநிலத்தில் கறுப்பின மக்களைக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலிருந்து விலக்கிய ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் செல்லாதாக்கியது. கட்சி ஒரு தனியார் கழகம். தான் விரும்பியவரைச் சேர்க்கலாம் என்பதே எதிர்வாதம். அரசின் தேர்தற் பொறியமைப்பின் உறுப்பாகிய கட்சி அவ்வாறு தப்பமுடியாது என மார்ஷலும் ஹேஸ்டியும் வாதிட்டனர். 1946இல் மாநிலங்களுக்கிடையிலான பேருந்துகளில் இனவொதுக்கலை எதிர்த்த வழக்கிலும் இருவரும் வென்றனர்.

இதற்கிடையில் 1940இல் யுத்தச் செயலாளர் ஸ்டிம்சனின் சிவில் ஆலோசகராக ஹேஸ்டி நியமிக்கப்பட்டார். பாசிசத்துக்கு எதிராகப் போரிட்ட படையே இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த முரண்பாட்டை அவர் உள்ளிருந்தே எதிர்த்தார். விமானப் படை கறுப்பினத்தவருக்கெனத் தனிப் பயிற்சி நிலையங்களை விரிவாக்க முனைந்தபோது, 1943 ஜனவரியிற் பதவி துறந்து, தம் காரணங்களைப் பகிரங்கமாக வெளியிட்டார். அரசு வழங்கிய ஆசனத்தைத் துறக்கவும் அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்றாகும்.

5

1949ஆம் ஆண்டு நியமனத்தின் பின்னணி யாது? முதலாம் உலக யுத்த காலந்தொட்டுத் தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டுக் கறுப்பின மக்கள் வடக்கின் கைத்தொழில் நகரங்களுக்குப் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தனர். தெற்கில் வாக்குரிமை மறுக்கப்பட்டவர் வடக்கில் வாக்காளராயினர். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் ட்ரூமன் இரு பக்கத் தாக்குதலுக்குள்ளானார். வலப்புறத்தில் தென் மாநில இனவாதிகள் பிரிந்து சென்றனர். இடப்புறத்தில் ஹென்றி வொலஸின் முற்போக்குக் கட்சி கறுப்பின வாக்குகளை ஈர்க்க முயன்றது. அவ்வாண்டு ஜூலையில் ஆயுதப் படைகளில் சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்யும் ஆணையை ட்ரூமன் பிறப்பித்தார். 1946 முதல் வேர்ஜின் தீவுகளின் ஆளுநராயிருந்த ஹேஸ்டி, நகரங்கள்தோறும் சென்று ட்ரூமனுக்காகக் கறுப்பின மக்களிடையே பிரசாரஞ் செய்தார். இலினோய், ஒகையோ, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களிற் சிறு வாக்கு வித்தியாசத்தால் ட்ரூமன் வென்றார். அங்குக் கறுப்பின வாக்குகளின் கனம் யாவரும் அறிந்ததே. 1949 ஓகஸ்டில் கொங்கிரஸ் இயற்றிய சட்டம் புதிய நீதிபதி ஆசனங்களை உருவாக்கிற்று. அவற்றுளொன்று ஹேஸ்டிக்குக் கிடைத்தது.

எனினும் அதுவும் உடனடியாக உறுதியான ஆசனமாகவில்லை. செனற் சபை கூடாத காலத்தில் சனாதிபதி தற்காலிக நியமனம் வழங்க அரசியலமைப்பு இடமளிக்கின்றது. ஹேஸ்டி பெற்றது அத்தகைய நியமனமே. 1950 ஜனவரியில் அவர் பெயர் மீண்டும் முன்மொழியப்பட்டது. ஜூலை 19ஆம் திகதியே அங்கீகாரம் கிடைத்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம், தம் ஆசனம் நிலைக்குமா என்பதை அறியாமலே அவர் நீதி வழங்கவேண்டியிருந்தது. செனற் சபையில் எழுந்த எதிர்ப்பின் மொழி கவனிக்கத்தக்கது. நிறத்தைக் காரணங்காட்டுதல் அன்றைய உலகச் சூழலில் சங்கடமானது; எனவே இடதுசாரி அமைப்புகளுடன் அவருக்குத் தொடர்புண்டு என்ற குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. வொலஸுக்கு எதிராகப் பிரசாரஞ் செய்தவரும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை.

இங்கேதான் டேவிஸின் வழக்கு முக்கியத்துவம் பெறுகின்றது. டேவிஸ் உட்படக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பதினொருவர், அரசை வன்முறையாற் கவிழ்க்கவேண்டும் எனப் போதிக்கச் சதி செய்தனர் என்று 1940ஆம் ஆண்டு ஸ்மித் சட்டத்தின்கீழ்க் குற்றஞ் சாட்டப்பட்டனர். அவர்கள்மீது எந்த வன்செயலும் நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டே போதனை பற்றியது. ஒக்டோபர் 14ஆம் திகதி யூரிமார் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டனர். 21ஆம் திகதி நீதிபதி ஹரோல்ட் மெடினா தண்டனை விதித்தார். 1950இல் அதனை உறுதிசெய்த இரண்டாம் வட்டார மேன்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர், அந்நாட்டின் மிகச் சிறந்த மேன்முறையீட்டு நீதிபதி எனப் போற்றப்படும் லேர்னட் ஹான்ட். அவர் ஓய்வுபெற்றதும் 1951இல் அவருடைய ஆசனத்துக்கு ட்ரூமன் நியமித்தவர் அதே மெடினா.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, ஹேஸ்டியின் நியமனமும் டேவிஸின் தண்டனையும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பது தெளிவாகும். ஆசியாவும் ஆபிரிக்காவும் விடுதலை பெற்றுவந்த காலத்தில், நிறவேற்றுமையால் உலக அரங்கில் தலைகுனிந்து நின்ற அரசு, கறுப்பின மக்களின் கோரிக்கையைச் சட்டத்தின் எல்லைக்குள் ஏற்க முன்வந்தது. அவ்வெல்லையைச் சொத்துறவின் மாற்றம் நோக்கி நகர்த்த முயன்றோரைச் சட்டத்தின் பெயராலேயே விலக்கிற்று. வாயிலைத் திறத்தலும் வேலியை உயர்த்தலும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாயின.

6

இவ்வாறு கூறுவதனால் ஹேஸ்டி வெறும் அலங்காரப் பொருளாக இருந்தார் என முடிவு செய்தல் தவறாகும். அவர் இருபத்தோராண்டு முழுநேர நீதிபதியாகவும், அவற்றுள் 1968 முதல் 1971 வரை பிரதம நீதிபதியாகவும் பணியாற்றினார். தாம் நீதிபதியாகவும் ஆளுநராகவும் இருந்த தீவுகளின் மேன்முறையீடுகளும் அவர் நீதிமன்றத்துக்கே வந்தன. ஆனால் நீதியாசனம் வழக்கறிஞரின் மேடையன்று. முன்னைத் தீர்ப்புகள் அதனைப் பிணிக்கின்றன. 1965இல் பென்சில்வேனியாவின் ஜனநாயகக் கட்சி மாவட்டத் தலைவரைத் தெரிவுசெய்யும் முறையை எதிர்த்து வழக்கொன்று வந்தபோது, கட்சியின் உள் நிர்வாகம் அரசின் செயலாகாது என ஹேஸ்டி எழுதினார். வேட்பாளரைத் தெரிவுசெய்தல் அரசின் தேர்தற் பணியோடு பிணைந்தது. கட்சி தன் நிர்வாகிகளை நியமித்தல் அத்தகையதன்று என்பது அவர் கண்ட வேறுபாடு. 1944இல் தாம் தகர்த்த சுவரின் எஞ்சிய பகுதி எங்கே நிற்கவேண்டும் என்பதை அவரே வரைந்துகாட்டினார். சட்ட நோக்கில் இவ்வேறுபாடு நியாயமானதே. ஆனால் தகர்ப்பவராக ஆய்ந்த எல்லையை இப்பொழுது காப்பவராக அவர் ஆய்ந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியில் 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சி விளக்கம் பெறுகின்றது. உயர் நீதிமன்றத்தில் ஏற்பட்ட வெற்றிடத்துக்குச் சனாதிபதி கென்னடி ஹேஸ்டியின் பெயரையும் பரிசீலித்தார். அப்பெயரை ஆதரித்த ரொபேர்ட் கென்னடி பிற்காலத்திற் கூறியதன்படி, பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன், ஹேஸ்டி தாராண்மைவாதியல்லர் எனக் கருதி வன்மையாக எதிர்த்தார். மறுபுறத்தில் செனற் சபையின் நீதிக் குழுவுக்கு மிசிசிப்பி மாநிலத்தின் இனவாதியான ஈஸ்ட்லன்ட் தலைமை தாங்கினார். ஈற்றில் நியமனம் பெற்றவர் பைரன் வைட். 1950இல் ‘இடதுசாரி’ என எதிர்க்கப்பட்டவர், 1962இல் ‘போதிய முற்போக்காளர் அல்லர்’ எனத் தவிர்க்கப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் மனிதராக மாறினார் என்பதைவிட, தாம் வகித்த பதவியின் ஒழுங்கை நேர்மையாகக் கடைப்பிடித்தார் என்பதே பொருந்தும். நடுநிலையாளராக விளங்குவதே அவர்முன் வைக்கப்பட்ட நிபந்தனை. அந்நிபந்தனையை நிறைவேற்றியமையே பின்னர் குறையாகக் காணப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின், தெருக்களில் எழுந்த மக்கள் இயக்கத்தின் அலையில், 1967இல் அவருடைய மாணவர் மார்ஷல் உயர் நீதிமன்றம் சென்றார்.

டேவிஸ் மூன்றாண்டுகளுக்கு மேற் சிறையிலிருந்து 1955இல் விடுதலையானார். போதனையையும் செயலையும் வேறுபடுத்தி, ஸ்மித் சட்ட வழக்குகளின் வேகத்தை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது 1957இல். அவருக்கு அது காலங்கடந்த நீதி. அவர் 1964இலும் ஹேஸ்டி 1976இலும் காலமாயினர்.

ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் நீதியாசனம் ஏறும்போது, அதனை முழு விடுதலையாகக் கொண்டாடுவோரும் உளர். வெறும் ஏமாற்றென ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் நியமனத்தைப் பெற்றவரையே நோக்குகின்றனர். நியமனத்தை நிர்ப்பந்தித்த மக்களை நோக்குவதில்லை. நோர்பொக் ஆசிரியரும், ரெக்சாஸ் வாக்காளரும், வடக்கு நகரங்களுக்கு மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கிய தொழிலாளரும் இல்லாதிருப்பின், எத்துணைத் திறமையிருந்தும் ஹேஸ்டிக்கு அவ்வாசனம் கிட்டியிராது. அவர்கள் வென்றது மெய்யான வெற்றி. அவ்வெற்றியின் எல்லை எதுவென அறியவேண்டின், அன்றைய நாளில் நியூயோர்க் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட தண்டனையையும் அதனோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.